எண்பத்தேழாம் பக்கம்

அந்தத் தெருவில் அவளுக்கு அடிக்குறிப்பு என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்குப் பக்கத்து வீட்டைக் கைகாட்டுவார்கள். வைத்தவள் மாடியில் குடியிருக்கும் நாத்தனார்தான். தெருவுக்கே தெரிந்த அந்தச் சங்கதி நாத்தனாருக்கு மட்டும் தெரியாது என்பதுபோல அவள் ஒரு முகம் வைத்திருப்பாள். பெயர் என்னவோ பொருத்தம்தான். மழை வரும்போல இருக்கிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "யார் சொன்னா? எதுல வந்துச்சு?" என்பாள் அடிக்குறிப்பு. சொன்னவருக்கு மேகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

இப்படிப்பட்டவள், தன் ஆய்வேட்டில், கண்ணால் காணாத ஒரு புத்தகத்தைப் படித்ததுபோல எழுதி வைத்திருந்தாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஆய்வு ஜன்னலைப் பற்றியது. வீட்டுக்கு ஜன்னல் எப்போது வந்தது, யார் வீட்டில் அகலமாகத் திறந்திருந்தது, யார் வீட்டில் பெயருக்கு இருந்தது என்றெல்லாம் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தாள். "இதுக்கு ஒரு படிப்பா? என் ஜன்னல்கிட்ட ஒரு நாள் உட்காரச் சொல்லுடா, முழுசா சொல்லித் தர்றேன்" என்று நாத்தனார் தம்பியிடம் சொல்வாள். தம்பி, அதாவது அடிக்குறிப்பின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாலு பேரின் பார்வையைச் சரிசெய்கிறவர், வீட்டில் யார் பக்கமும் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டவர்.

கல்லூரியில் அவள் தற்காலிக ஆசிரியை. புதுக் கல்வியாண்டு தொடங்குவதற்குள் பட்டத்தோடு வந்தால் வேலை நிரந்தரம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் அந்த நாற்காலி இன்னொருத்திக்கு. அந்த இன்னொருத்தி ஏற்கெனவே பட்டத்தை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. ஆசிரியர் அறைக்கு வரும்போதெல்லாம் அடிக்குறிப்பின் நாற்காலியைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவாள்.

ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு ஆய்வுப் பிரிவுக்குப் போன அன்றைக்குத்தான் தலையில் கல் விழுந்தது. பிரிவு எழுத்தரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னாள்:

"துணைநூற்பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு நூலுக்கும் தலைப்புப் பக்கம் நகல் எடுத்து வைக்கணும்மா. புது விதி."

"எல்லாத்துக்குமா மேடம்?"

"எல்லாத்துக்கும்தான். நீங்க படிக்காமலா போட்டிருப்பீங்க? நம்பிக்கை இருக்கு. போன வருஷமும் இப்படித்தான் ஒருத்தரை நம்பினோம், நாறிப்போச்சு."

அடிக்குறிப்புக்கு முதலில் பயமே இல்லை. அவள் படித்தவள்தான். அட்டை கிழிந்தது, கரையான் அரித்தது என்று ஒன்றுவிடாமல் தேடிப் படித்திருந்தாள். நகல் கடையில் நின்று நின்று கால் கடுத்தாலும் கட்டு வளர்ந்தது. கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அவளுடைய நெறியாளரே எழுதிய 'திறப்பும் மறைப்பும்: சாளரங்களின் சமூக வரலாறு'. அதில் எண்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிற வாக்கியம், இந்தத் துறையில் யார் எழுதினாலும் எடுத்துக்காட்டுவது: "ஜன்னல் வீட்டுக்குக் கண் அல்ல, தெருவுக்குக் கண்." அவளும் முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே அதைத் தூக்கி வைத்திருந்தாள். மூத்த ஆய்வாளர் ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்தது. நெறியாளருடைய புத்தகம்தானே, ஒரு நாள் அவரிடமே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அந்த ஒரு நாள் வரவேயில்லை.

பல்கலைக்கழக நூலகர் பெயரைக் கேட்டதுமே சிரித்தார்.

"அதைக் கேக்காத ஆளே இல்லம்மா. காணாமப் போன நூல்கள்ல சேர்த்து வச்சிருக்கோம்."

"எப்ப காணாமப் போச்சு சார்?"

"நான் வேலைக்கு வந்தப்பவே காணோம்."

"அதுக்கு முன்னாடி இருந்துச்சா?"

நூலகர் இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "இல்லாமயா இத்தனை பேர் எழுதுவாங்க?" என்றார். பிறகு ஏதோ அவசர வேலை நினைவு வந்ததுபோல எழுந்து போய்விட்டார்.

அடிக்குறிப்பு பழைய ஆய்வேடுகள் இருக்கிற அறைக்குள் புகுந்தாள். புழுதி தும்மலாகக் கிளம்பியது. அவள் எடுத்தாண்ட மூத்தவரின் பட்டியலில் புத்தகம் 'இரண்டாம் பதிப்பு' என்று இருந்தது. அந்த மூத்தவர் யாரைப் பார்த்து எழுதினாரோ அவருடைய பட்டியலில் இரண்டாம் பதிப்பு இல்லை, பதிப்பகத்தின் பெயர் மட்டும் இருந்தது. அதற்கும் முந்தினதில் பதிப்பகம் இல்லை, ஆண்டு இருந்தது. பின்னோக்கிப் போகப் போகப் புத்தகம் இளைத்துக்கொண்டே வந்தது. பிறக்காத பிள்ளைக்கு ஒருத்தர் பல் வைத்து, இன்னொருத்தர் மீசை வைத்து, அடுத்தவர் கல்யாணமும் முடித்து வைத்த கதைதான்.

கடைசியில் ஒரு பழைய ஆய்விதழ் கையில் கிடைத்தது. அதில் யாரோ ஓர் இளம் ஆய்வாளர் எழுதிய கட்டுரை. அந்த வாக்கியத்தை முதன்முதலில் எடுத்துக்காட்டியவர் அவர்தான். அடியில் இப்படிப் போட்டிருந்தார்: 'திறப்பும் மறைப்பும், அச்சில், ப. 87.'

அச்சில் இருக்கிற புத்தகத்தில் எண்பத்தேழாம் பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்தது எப்படி?

அவள் மட்டும் யோக்கியமா? வடிவமைப்புக் கையேட்டின்படி வெளியிட்ட ஊரும் போட வேண்டும். மூத்தவர் ஊரை விட்டுவிட்டிருந்தார். ஊர் இல்லாமல் பட்டியல் நொண்டுகிறதே என்று, நெறியாளர் குடியிருக்கும் ஊரையே போட்டுவிட்டிருந்தாள். எல்லாரையும் "எதுல வந்துச்சு?" என்று கேட்கிறவள், தன் கையாலேயே அந்தப் பிள்ளைக்கு வீடு பார்த்துக் குடிவைத்திருக்கிறாள்.

நெறியாளர் வீட்டில் அவருடைய மனைவி கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அந்தப் புத்தகமா? அதை எழுதத்தானே இந்த மேசையை வாங்கினோம்."

மேசை நல்ல மேசை. மேலே துணி மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. மனைவி துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது, "இஸ்திரி போட ரொம்ப வசதியான உயரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நெறியாளர் நல்ல மனுஷர். குரலை உயர்த்தமாட்டார், எதையும் முடிக்கவும் மாட்டார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"எல்லாம் தலைக்குள்ள தயாரா இருக்கும்மா. அத்தியாயப் பிரிப்புகூட ஆயாச்சு."

"சார், அப்ப புத்தகம்..."

"அச்சுல இருக்குன்னு அந்தக் காலத்துல ஒரு கூட்டத்துல சொன்னேன். அடுத்த மாசம் கொடுத்துடலாம்னு ஒரு தைரியம். அதுக்குள்ள இவங்க எடுத்தாள ஆரம்பிச்சுட்டாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு விஷயம் தெரியுமா? என் நூல்கள்லயே அதிகமா எடுத்தாளப்பட்டது அதுதான்."

அழவா, சிரிக்கவா?

"பட்டியல்லேர்ந்து எடுத்துடட்டுமா சார்?"

"எடுத்துடாதேம்மா." முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு பதற்றம். "நான் ஓய்வு பெறப் போறேன். என் மாணவியோட ஆய்வேட்டுலயே அது இல்லேன்னா, நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

ஆய்வேட்டின் முன்பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். உள்ளே வாங்க வேண்டியவள் எழுத்தரம்மா. இவர் எடுக்காதே என்கிறார், அவள் காட்டு என்கிறாள். நடுவில் நாற்காலியை அளந்தபடி ஒருத்தி நிற்கிறாள்.

அன்றிலிருந்து அடிக்குறிப்புக்கு ஓரிடத்தில் கால் பாவவில்லை. அடுப்பை ஏற்றிவிட்டு எதை ஏற்றினோம் என்று மறந்தாள். அலமாரியைக் காலி செய்து, அதே சாமான்களை அதே இடத்தில் திரும்ப அடுக்கினாள். அலமாரிச் சத்தம் கேட்டு நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"என்னம்மா, வீட்டை மாத்தப் போறீங்களா?"

"இல்லண்ணி, தேடிட்டிருக்கேன்."

"என்னத்தை?"

"ஒரு புத்தகம்."

"கிடைக்கலேன்னா வேற ஒண்ணை வச்சுக்கோயேன். புத்தகத்துக்கா பஞ்சம்?"

"டேய், உன் பொண்டாட்டிக்கு ராத்திரி தூக்கம் இருக்கா இல்லையா?" என்று அப்படியே தம்பி பக்கம் திரும்பிக் கேட்டாள். தம்பி கண்ணாடியைத் துடைத்தார். அவருடையது சுத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் துடைத்தார்.

வழி வகுப்பறையில்தான் கிடைத்தது. முதலாண்டு மாணவர்களுக்கு அவளே கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள், வருஷா வருஷம் எழுதுகிற பாடம்: 'நேரில் பார்க்காத நூலை, அதை எடுத்துக்காட்டியவர் வழியாகவே காட்ட வேண்டும். பட்டியலில் நீங்கள் பார்த்த நூல் மட்டுமே இடம்பெறும்.' சுண்ணக்கட்டி பலகையிலேயே நின்றுவிட்டது. மேடம் எதையோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, மாணவர்கள் தாங்கள் எழுதியதை அவசரமாக அடித்தார்கள்.

அன்று மாலையே மாற்றினாள். உள்ளே வாக்கியம் அப்படியே இருந்தது, நெறியாளர் பெயரும் இருந்தது. பக்கத்தில் 'இன்னார் எடுத்துக்காட்டியபடி' என்று அந்தப் பழைய கட்டுரைக்காரரின் பெயரைச் சேர்த்தாள். பட்டியலிலிருந்து புத்தகம் போய், கட்டுரை வந்து உட்கார்ந்தது. கட்டுரைதான் கையில் இருக்கிறதே, அதன் முதல் பக்கத்தை நகலெடுத்தாயிற்று. எழுத்தரம்மா எண்ணிப் பார்த்து முத்திரை குத்தினாள். நெறியாளர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

"என் பேர் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"தலைப்பும்?"

"அதுவும் இருக்கு."

கையெழுத்துப் போட்டார். அடிக்குறிப்பு வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மாதங்கள் ஓடின. வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்துக் கடிதம் வந்தது. கல்வியாண்டு தொடங்குவதற்கு முந்தின நாள்தான் தேர்வு, நடுவில் ஒரு வாரமே பாக்கி. கடிதத்தில் புறத்தேர்வாளரின் பெயரைப் படித்தவள் கடிதத்தை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள். அந்தப் பழைய கட்டுரைக்காரர்தான். இப்போது பெரிய பேராசிரியராகிவிட்டார்.

கண்ணாடிக் கடைக்கே ஓடினாள். கணவர் ஒரு பெரியவரின் மூக்கில் சட்டத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"நல்லதுதானே?" என்றார் கணவர். "அவர் பேரையும் போட்டிருக்கே. சந்தோஷப்படுவாரு."

"சந்தோஷமா? அவரை சாட்சிக் கூண்டுல ஏத்தி வச்சிருக்கேங்க. 'இந்தப் புத்தகத்தை நான் பார்க்கல, இவர் பார்த்திருக்கார்'னு அச்சடிச்சுக் கொடுத்திருக்கேன்."

"அவர் பார்த்திருக்காரா?"

"புத்தகமே இல்லைங்க!"

மூக்கில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். "இப்ப நல்லா தெரியுதுங்க" என்றார்.

நெறியாளருக்குப் போன் போட்டாள். "பார்த்துக்கலாம்மா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. மனைவி போனை வாங்கி, "இவர் காலையிலேர்ந்து அந்த மேசையைத் துடைச்சுட்டே இருக்காரும்மா. என்ன ஆச்சு அவருக்கு?" என்று கேட்டாள்.

ஒரு வாரம் அவள் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டு திரிந்தாள். புத்தகம் இருக்கிறதா என்று அவர் கேட்டால்? இருக்கிறது என்றால் பொய். இல்லை என்றால் நெறியாளரை நாலு பேர் முன்னால் தெருவில் நிறுத்தினதாக ஆகும். கேள்வி புரியவில்லை என்றால் பட்டம் போகும். மாடிப்படியில் ஏறுவாள், பாதியில் ஏன் ஏறினோம் என்று இறங்குவாள். நாத்தனார் ஜன்னல் வழியாக இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று இருந்ததா, நாத்தனார் முதல் வரிசையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். துணைக்குத் தெருவிலிருந்து நாலு பேர். பின்வரிசையில், தற்செயலாக வந்ததுபோல, நாற்காலியை அளக்கிறவள். கணவர் கதவோரம் நின்றார்.

புறத்தேர்வாளர் நரைத்த தலை, மெலிந்த உடம்பு. கேள்விகள் சுருக்கமாகத்தான் இருந்தன. அடிக்குறிப்பு கடகடவென்று பதில் சொன்னாள். ஜன்னலைப் பற்றி அவளிடம் கேட்கவா வேண்டும்? பிறகு அவர் முதல் அத்தியாயத்துக்குப் போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த நூலை என் வழியா காட்டியிருக்கீங்க."

"ஆமாங்க ஐயா."

"நூலை நேரா பார்க்கலாமே. தேடலையா?"

நெறியாளர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். அடிக்குறிப்பு வாரம் முழுக்க ஒத்திகை பார்த்த பதில்களெல்லாம் ஓடி ஒளிந்துகொண்டன. மிச்சம் இருந்தது, நடந்தது மட்டும்தான்.

"தேடினேன் ஐயா. ஒவ்வொருத்தர் பட்டியலா பின்னாலயே போனேன். உங்க கட்டுரை வரைக்கும் வந்தேன். அதுக்கு அப்பால போக வழி இல்லை."

புறத்தேர்வாளர் ஆய்வேட்டை மூடினார். நாத்தனார் பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மெல்லத் திரும்பி நெறியாளரைப் பார்த்தார்.

"சார், அந்தப் புத்தகம் வந்துச்சா?"

"நீ பார்க்கலையா?" என்றார் நெறியாளர்.

"நான் எங்க சார் பார்த்தேன்? நீங்க அந்த வாக்கியத்தைச் சொல்லக் கேட்டதுதான். கருத்தரங்கு முடிஞ்சு படிக்கட்டுல இறங்கும்போது சொன்னீங்க. இதழ்காரங்க பக்க எண் இல்லேன்னு கட்டுரையைத் திருப்பி அனுப்பிட்டாங்க. புத்தகம் வந்ததும் திருத்திக்கலாம்னு விடுதியில என் அறை எண்ணைப் போட்டேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் எல்லாரும் பதிப்பகம், இரண்டாம் பதிப்புன்னு எழுத ஆரம்பிச்சாங்களா, சரி, வந்துடுச்சுன்னு நினைச்சேன். ஆனா எடுத்துப் பார்க்க பயம். எண்பத்தேழாம் பக்கத்துல வேற ஏதாவது இருந்துட்டா?"

"எண்பத்தேழாம் பக்கம்னு நீ எழுதினதைப் பார்த்ததும், எழுதி முடிச்சுட்டேனோன்னு எனக்கே ஒரு சந்தேகம் வந்துடுச்சுப்பா" என்றார் நெறியாளர். "வேகமும் குறைஞ்சுபோச்சு."

முதலில் சிரித்தது நாத்தனார்தான். அவள் சிரித்தால் தெருவே சிரிக்கும், அறை எம்மாத்திரம்? புறத்தேர்வாளரும் சிரித்தார். நெறியாளர் ஒரு கணம் தாமதித்து, வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார். கணவர் கதவோரம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சிரித்தபடி நன்றாகப் பார்த்தார். சிரிக்காதவர்கள் இரண்டே பேர்: பின்வரிசைக்காரி, அடிக்குறிப்பு.

"பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்" என்றார் புறத்தேர்வாளர். "ஒரே ஒரு திருத்தம். நூலை எடுத்துடுங்க. என் கட்டுரையையும் எடுத்துடுங்க. நேர்ப்பேச்சு, கருத்தரங்க மண்டபப் படிக்கட்டுன்னு போட்டு, கேட்டது நான்னு எழுதுங்க. திருத்திய பக்கத்துல நெறியாளர் கையெழுத்து. இன்னிக்கே ஆய்வுப் பிரிவுல கொடுத்தா நானும் இருந்து ஒப்பமிட்டுட்டுப் போறேன்."

நாலு மணிக்கு ஆய்வுப் பிரிவு மூடிவிடும். அடிக்குறிப்பு கணினி அறைக்கு ஓடினாள். பட்டியலிலிருந்து அந்த வரியை அழித்தபோது கீழே இருந்தவையெல்லாம் ஒவ்வொரு படி மேலே ஏறிக்கொண்டன, பேருந்தில் ஒருத்தர் இறங்கினதும் மற்றவர்கள் நகர்ந்து உட்காருகிற மாதிரி. அவள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அச்சடித்த தாளைச் சூட்டோடு எடுத்துக்கொண்டு வந்தாள்.

நெறியாளர் தாழ்வாரத்தில் தனியாக நின்றிருந்தார். தாளை வாங்கிச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"என் பேர் இருக்கு."

"இருக்கு சார்."

"புத்தகம்தான் போயி படிக்கட்டாயிடுச்சு."

அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கடிகாரம் அதையெல்லாம் பார்க்கவில்லை. பேனாவை நீட்டினாள். அவர் வாங்கி, மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றி, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். பேனா தாளை விட்டு எழுந்திருக்கவில்லை. கையெழுத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் வட்டமிட்டுக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, இந்த இடம் சும்மாதானே கிடக்கு. 'எழுதப்பட்டுவரும் நூல்'னு சின்னதா ஒரு வரி சேர்த்துக்கலாமா? மேசையைக்கூட காலி பண்ணிட்டேன்."

அடிக்குறிப்பு தாளின் மறுமுனையைப் பிடித்தாள். "மை காயட்டும் சார்" என்றாள். பூப்போல இழுத்தாள். அவரும் கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு விட்டார்.

ஈரத்துணியைக் கொண்டுபோகிறவள்போல இரண்டு கையாலும் தாளை ஏந்திக்கொண்டு அவள் ஆய்வுப் பிரிவை நோக்கி ஓடினாள். எழுத்தரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவடியில் நின்றிருந்தாள். தாழ்வாரத்து ஜன்னல் வழியாக நாத்தனார் பின்னாலிருந்து கத்தியது நன்றாகக் கேட்டது:

"ஓடும்மா! இன்னும் பூட்டல! நான் பார்த்துட்டுத்தான் சொல்றேன்!"